வெட்டுப்பட்ட ஒரு வரி
'உண்மைச் சம்பவம்' சொல்லும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு, 'இது கதை இல்லை, நிஜமாவே நடந்தது' என்று ஆரம்பிக்கிறீர்களே, உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒரே ஒருவரைக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். அப்படி ஏற்றுவதென்றால் முதலில் ஏற வேண்டிய ஆள் நான்.

போன மாதம் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் போட்ட வீடியோ கண்ணில் பட்டது. நீல வெளிச்சம், சோபாவில் ஓர் எலும்புக்கூடு, எதிரே டிவி. பின்னணியில் கதவு கிறீச்சிடும் சத்தம். லண்டன் என்று சொன்ன மாத்திரத்திலேயே எனக்குக் கதை தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி நானும் ஒரு முறை எழுதியிருக்கிறேன். ஆறே ஆறு வரி.

2006. ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் இருந்தேன். பக்கம் அச்சுக்குப் போகிற நேரம், கீழே மூன்று அங்குலம் காலி. ஏஜென்சி காப்பியில் துழாவியபோது இது சிக்கியது. வட லண்டனில் வுட் கிரீன் என்ற இடம். பெரிய ஷாப்பிங் வளாகம் ஒன்றின் தலைக்கு மேல் கட்டியிருந்த குடியிருப்பில், ஓர் ஒற்றை அறை வீட்டில், 38 வயதுப் பெண்ணின் உடல். இறந்தது 2003 டிசம்பர் வாக்கில். கண்டுபிடித்தது 2006 ஜனவரி 25. வாடகை பாக்கிக்காகக் கதவை உடைத்து உள்ளே போனவர்கள் பார்த்தபோதும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கிறிஸ்துமஸுக்காக அவரே காகிதம் சுற்றி வைத்த பரிசுப் பொட்டலங்கள்.

'டிவி முன் இரண்டு ஆண்டு: லண்டனில் எலும்புக்கூடு' என்று தலைப்புப் போட்டேன். சீஃப் சப் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, 'பிரமாதம்யா' என்றார். பெட்டிக்குள் அடங்குவதற்கு ஒரு வரி அதிகமாக இருந்தது. பரிசுகளைப் பற்றிய வரியை எடுத்தேன். எலும்புக்கூட்டை எடுக்க முடியாது, டிவியை எடுக்க முடியாது. பொட்டலங்களை எடுத்தால் செய்திக்கு ஒன்றும் ஆகாது என்பது அன்றைய என் கணக்கு. பிறகு டீ குடிக்கப் போனேன்.

அதை மறந்தும் போனேன். ஏழெட்டு வருஷம்தான் ஓடிய வேலை. எத்தனையோ பெட்டிச் செய்திகள். ஞாபகப்படுத்தியது ஒரு பாட்டு.

2015 கடைசியில் அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். எதையாவது என் காதில் மாட்டிவிடுவது அவன் வழக்கம். 'மாமா, ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம். நடுவுல எழுந்திரிக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது' என்று நிபந்தனை போட்டு ஹெட்போனைக் கொடுத்தான். ஸ்டீவன் வில்சன் என்ற இங்கிலாந்துக்காரர் அந்த வருஷம் பிப்ரவரியில் வெளியிட்ட 'ஹேண்ட். கேனாட். இரேஸ்.' என்ற ஆல்பம். தலைப்பில் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் முற்றுப்புள்ளி. மூன்று சொற்களும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனி அறைகளில் இருப்பது மாதிரி எனக்குத் தோன்றியது, ஆனால் அது பின்னால்தான்.

இந்த வகை இசைக்கு ப்ராக்ரஸிவ் ராக் என்று பெயர். அறுபதுகளின் முடிவில் இங்கிலாந்தில் கிளம்பியது. மூன்று நிமிஷப் பாட்டு போதாது என்று நினைத்தவர்கள் இருபது நிமிஷத்துக்கு இழுத்தார்கள். ஐந்து, ஏழு என்று விரல் விட்டு எண்ண வைக்கும் தாளங்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு இசைத்தட்டு முழுவதையும் ஒரே கதையாகக் கட்டினார்கள். அதுதான் கான்செப்ட் ஆல்பம். பாட்டுகள் அதில் அத்தியாயங்கள். ஐந்தாவதை மட்டும் கேட்டுவிட்டுப் போவது, நாவலில் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் படிக்கிற காரியம். மனம் உடைந்து ஒதுங்கிப் போவதும் இவர்களுக்குப் பழகிய விஷயம்தான். 1979-இல் பிங்க் ஃபிளாய்ட் 'தி வால்' போட்டபோதே பெரிய அளவில் செய்தாயிற்று. ஆனால் அங்கே சுவருக்குள் இருப்பவன் ஒரு ராக் நட்சத்திரம். அவன் தனிமைக்கு ஸ்டேடியம் நிறையக் கூட்டம் சாட்சி. வில்சன் எடுத்துக்கொண்டதோ சாட்சியே இல்லாத தனிமை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வில்சனுக்குத் திகில் கதை சொல்லத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு முந்தைய ஆல்பம், 2013-இல் வந்த 'தி ரேவன் தட் ரெஃப்யூஸ்ட் டு சிங்', முழுக்கப் பேய்க்கதைகள். ஒரு பாட்டுக்கு ஒரு கதை. உங்கள் வித்தை எல்லாம் அவர் கையிலும் உண்டு: எங்கே நிறுத்துவது, எங்கே மெல்லிய சத்தம் வைப்பது, எப்போது தூக்கிப் போடுவது. அடுத்ததாக அவர் கைக்கு வந்த கதை, பூட்டிய அறைக்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்த உடல். பேய்க்கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் அந்த அறைக்குள் கேமராவைக் கொண்டுபோகவே இல்லை. கதவை உடைப்பவர்கள் எந்தப் பாட்டிலும் வருவதில்லை. உடல் வருவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரும் வருவதில்லை. அவருடைய கதையைத் தூண்டுதலாக மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு பெண்ணை உருவாக்கி, ஒரே எழுத்தில் 'ஹெச்' என்று அழைத்தார். நானும் அதனால்தான் இந்த மடலில் பெயரை விடுகிறேன்.

தொடக்கத்தில் குழந்தைகள் விளையாடும் சத்தம், பியானோ. அப்புறம் நீளமான ஒரு பாட்டு, அதற்கப்புறம் ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய துள்ளல் பாட்டு. நான்காவதாக 'பர்ஃபெக்ட் லைஃப்'. இதில் ஒரு பெண் பாடவில்லை, பேசுகிறாள். பதின்மூன்று வயதில் தனக்கு ஒரு அக்கா கிடைத்ததைச் சொல்கிறாள். பெற்றவர்கள் எடுத்து வளர்க்கக் கொண்டுவந்த பெண், மூன்று வயது மூத்தவள். ஆறு மாதம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் அப்பா அம்மா பிரிய, அக்காவை வேறு குடும்பத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாளாக ஆக அக்காவின் முகமே நினைவில் மங்கிப்போகிறது. அவ்வளவுதான். குரலில் அழுகை கிடையாது. பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொல்கிறாள். உங்கள் வீடியோவாக இருந்தால் இதை ஒரு 'க்ளூ' ஆக்கியிருப்பீர்கள். 'இங்கதான் ட்விஸ்ட்' என்று ஒரு கை உயர்ந்திருக்கும். இங்கே அது எதற்கும் க்ளூ இல்லை. ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் அக்கா இருந்தாள், பிறகு இல்லை.

அடுத்து 'ரொட்டீன்'. ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வில்சன் மெதுவாகத் தொடங்க, இஸ்ரேலியப் பாடகி நினெட் தாயிப் சேர்ந்துகொள்கிறார். நடுவில் ஒரு சிறுவனின் குரல். தன் குடும்பத்தை இழந்த ஒரு பெண் வீட்டு வேலையைச் செய்துகொண்டே இருக்கிறாள். துணி, பாத்திரம், சமையல், அடுத்த நாள் திரும்பவும் அதே. செய்வதை நிறுத்தினால் தான் என்ன ஆவோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெஸ் கோப் இதற்குப் பொம்மைகளை வைத்து ஒவ்வொரு அசைவாகப் படமெடுத்து ஒரு குறும்படம் செய்திருக்கிறார். அதில் அந்தப் பொம்மைப் பெண் வீட்டில் இல்லாதவர்களுக்குத் தட்டு வைக்கிறாள். பாட்டின் உச்சத்தில் நினெட் தாயிப் ஒரு கத்து கத்துகிறார். இசை முழுக்க அந்தக் கத்தலுக்காகவே ஏறி வந்தது போல இருக்கும். கத்தி முடித்ததும் எல்லாம் தணிகிறது, மறுபடியும் வேலை.

இதைக் கேட்டபோது என் அம்மா ஞாபகம் வந்தார். அப்பா காலைச் செய்தி கேட்பவர், ரேடியோவில். அம்மாவுக்குச் செய்தியில் துளி அக்கறை கிடையாது. 'எவன் ஆண்டா நமக்கென்ன' ரகம். அப்பா போன பிறகும் விடியற்காலையில் அந்த ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். போட்டுவிட்டு அம்மா பின்கட்டுக்குப் போய்விடுவார். ஒரு நாள் நான், யாரும் கேட்காததற்கு எதற்குக் கரண்ட் செலவு என்று அணைத்துவிட்டேன். ஈரக் கையோடு வந்து, என்னை ஒன்றும் சொல்லாமல், திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.

தம்பி தங்கைகளே, ஓடிக்கொண்டிருந்த அந்த டிவியை நீங்களும் நானும் பேயாக்கினோம். தனியாக இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது ஆள் சத்தம். வீட்டில் இன்னொரு குரல் இருக்கட்டும் என்று போட்டு வைப்பது. பரிசுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், பேச்சுத் துணைக்கு டிவியைப் போட்டு வைத்திருந்திருக்கலாம். அதில் எங்கே இருக்கிறது கிறீச்சிடும் கதவு?

ஆல்பம் முழுவதும் அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். ஆறாவதும் ஏழாவதுமாக வருகிற 'ஹோம் இன்வேஷன்', 'ரிக்ரெட் #9' இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. ஆடம் ஹோல்ஸ்மன் கீபோர்டில் ஒரு தனி ஆவர்த்தனம், அது ஓய்வதற்குள் கத்ரி கோவன் கித்தாரில் இன்னொன்று. அபாரமான விரல்கள். அக்கா மகன் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான். எனக்கோ, அந்த ஐந்து நிமிஷம் கதைப் பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டு வித்வான்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். இந்த வகை இசைக்கே உள்ள நோய் அது. பதின்மூன்று நிமிஷத்தைத் தாண்டி ஓடும் 'ஆன்செஸ்ட்ரல்' இன்னும் கனம். ஆனால் அங்கே அந்தக் கனம் தேவைப்படுகிறது, ஒரு மனசு மூழ்குவதைக் கேட்கிறோம். விலை கூடிய சிறப்புப் பதிப்பு ஒன்றும் வந்தது. கதைப் பெண்ணின் நாட்குறிப்பும் காகிதத் துண்டுகளும் அதில் உண்டு. இல்லாத பெண்ணின் பெட்டியானாலும், பிறர் பெட்டியைக் கிளறுகிற ஆசையைத்தான் அதுவும் விற்கிறது. அந்த ஆசை நமக்குள் இல்லையென்றால் உங்கள் வீடியோவை ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் ஏன் பார்க்கிறேன்?

கடைசிக்கு முந்தைய பாட்டு 'ஹேப்பி ரிட்டர்ன்ஸ்'. அது ஒரு கடிதம். ரொம்ப நாள் தொடர்பில்லாத சகோதரனுக்கு அவள் எழுதுகிறாள். ஆங்கிலத்தில் அண்ணனா தம்பியா என்று தெரிய வழியில்லை. எழுதுகிற தோரணையைப் பார்த்து நான் அண்ணன் என்று வைத்துக்கொண்டேன். வேலையாக இருந்தேன் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை என்கிறாள். பில் கட்டச் சிரமப்படுவதைப் போகிறபோக்கில் சொல்கிறாள். அண்ணன் பிள்ளைகளுக்குத் தன்னை நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள். அவர்களுக்குப் பரிசு வாங்கி வைத்திருக்கிறாளாம். அதற்குள் தூக்கம் சொக்குகிறது, மீதியை மறுநாள் எழுதுவதாகச் சொல்லி நிறுத்துகிறாள். பிறகு சொற்களே இல்லாத இரண்டு நிமிஷம். பியானோ, சேர்ந்திசைக் குரல்கள், முதலில் கேட்ட அதே குழந்தைகளின் விளையாட்டுச் சத்தம்.

நான் ஹெட்போனைக் கழற்றியபோது அக்கா மகன், 'இது லண்டன்ல நிஜமா நடந்ததை வெச்சு எழுதினது மாமா, டிவி ஓடிட்டே இருந்துச்சாம்' என்றான். எனக்கு அந்த மூன்று அங்குலப் பெட்டி ஞாபகம் வந்தது. அவன் டிவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். நான் பொட்டலங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெட்டிக்குள் அடங்காத அந்த ஒரு வரியைத்தான் வில்சன் எடுத்துக் கடைசிக்கு முந்தைய பாட்டாக்கியிருந்தார்.

அவருக்கு அந்த வரி எங்கிருந்து கிடைத்தது என்பதும் சொல்ல வேண்டியது. கேரல் மோர்லி என்ற இயக்குநர் 2006-இல் சுரங்க ரயிலில் கிடந்த ஒரு செய்தித்தாளில் இந்தச் செய்தியைப் படித்தார். நான் போட்டது போன்ற துண்டுச் செய்திதான். ஆள் யார், எப்படிப்பட்டவர், ஒன்றும் இல்லை. ஒரு போட்டோ கூட இல்லை. நமக்கு அது பக்கத்தை நிரப்பப் போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. இவரைத் தெரியுமா என்று கேட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார், லண்டன் டாக்ஸி ஒன்றின் பக்கவாட்டில் எழுதி ஓடவிட்டார். ஐந்து வருஷம் தேடி, 2011-இல் 'ட்ரீம்ஸ் ஆஃப் எ லைஃப்' என்ற படத்தை முடித்தார். வில்சன் அதைப் பார்த்துத்தான் ஆல்பத்துக்குள் இறங்கினார்.

தேடலில் கிடைத்த பெண் யாரும் எதிர்பார்த்தவர் இல்லை. கிழவி இல்லை, குடிகாரி இல்லை. பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், நண்பர்கள் நிறைய, அழகி, பாட ஆசைப்பட்டவர். செய்தியைப் படித்த பழைய நண்பர்களுக்குக்கூட, அது தங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண்ணாக இருக்கும் என்று தோன்றவில்லை. கடைசி வருஷங்களில் வேலையை விட்டார், பெண்கள் காப்பகம் ஒன்றில் சில காலம் இருந்தார், ஒவ்வொருவராகக் கையை விட்டார். அக்காமார்கள் ஆள் வைத்துத் தேடி, முகவரி கிடைத்து, கடிதமும் போட்டார்கள். பதில் வராததால், தங்களை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தபோது படிக்க ஆள் இல்லை. அந்தப் பக்கத்துக் கடிதத்துக்குப் பதில் மாதிரித்தான் வில்சன் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிதத்தை எழுதினாரோ என்று நான் நினைப்பதுண்டு. அவர் 1967-இல் பிறந்தவர். அந்தப் பெண்ணைவிட இரண்டு வயது இளையவர். லண்டனுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். தன் பள்ளித் தோழிக்கு எழுதுகிற வயது.

'இரண்டு வருஷம் யாருக்குமே தெரியாதா?' என்று உங்கள் வீடியோவில் மூன்று தடவை கேட்டீர்கள், ஒவ்வொரு தடவையும் குரலைத் தாழ்த்தி. தெரியாமல் போனதற்கு மர்மம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாடகையில் ஒரு பாதியை அரசாங்க உதவித்தொகை தானாகக் கட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி சேர்ந்து சேர்ந்து 2,400 பவுண்டு ஆனபோதுதான் அலுவலகத்துக்கு உறைத்தது. நாற்றம் வந்தது, கீழே குப்பைத்தொட்டிகள் இருந்தன, அதுவாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். டிவி சத்தம் கேட்டது, ஆள் இருக்கிறார் என்று நினைத்தார்கள். மரண விசாரணை, காரணம் தெரியவில்லை என்றே முடிந்தது. உங்கள் வீடியோவின் கடைசி நாலு நிமிஷத்தில் வருகிற கொலையாளி எந்தக் காகிதத்திலும் இல்லாத ஆள். அவரை நீங்கள் எங்கிருந்து கூட்டி வந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இடம் நிரப்ப எவ்வளவு தேவைப்படும் என்று தெரிந்தவன் நான். எனக்கு மூன்று அங்குலம், உங்களுக்கு நாலு நிமிஷம்.

அந்த வேலையை விட்டு நாளாகிவிட்டது. பழைய பைண்டு செய்த தாள்களில் என் பெட்டிச் செய்தி எங்கோ தூசியோடு இருக்கும். உங்கள் வீடியோவோ இன்று ராத்திரியும் ஓடும். அதைத் திருத்த உங்களிடம் பொத்தான் இருக்கிறது. கொலையாளியை எடுத்துவிட்டால் நாலு நிமிஷம் மிச்சமாகும். அந்த நாலு நிமிஷத்தில் பொட்டலங்களுக்கு இடம் இருக்கும்.

அன்புடன்,
பழைய டெஸ்க் ஆள் ஒருவன்

பி.கு.: ஆல்பத்தைக் கேட்பதென்றால் ஒரே மூச்சில் கேளுங்கள், பாட்டுகளைக் கலைத்துப் போடாதீர்கள். விளம்பரம் குறுக்கிடாத வழியாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா மகன் ஊருக்குப் போன பிறகு நான் மறுபடி கேட்டபோது, கடிதத்தை அவள் பாதியில் நிறுத்துகிற இடத்தில் சரியாக ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது.